மலிவான பேய், மறக்காத பேய்

1978இல் வெளிவந்த ‘ஜகன்மோகினி’ படத்தில் மோகினிப் பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும். கதை மறந்துபோனவர்களுக்கும் இந்தக் காட்சி மறக்கவில்லை. தெலுங்கில் எடுத்துத் தமிழில் பேசவைத்த படம். நரசிம்மராஜு, ஜெயமாலினி, பிரபா ஆகியோர் நடித்தார்கள். உச்ச நட்சத்திரம் என்று யாரும் இல்லை. செலவு குறைவு. தந்திரம் கண்ணுக்குத் தெரியும். தர்க்கம் தேடினால் கிடைக்காது. ஆனாலும் கூட்டம் கூடியது. விமர்சகர்கள் மட்டம் என்று ஒதுக்கும் பேய்ப்படங்களுக்கு உலகெங்கும் இப்படி ஒரு விசுவாசமான கூட்டம் உண்டு. தமிழ் ரசிகர்களுக்கு அந்த ருசியைக் காட்டியவர் இந்தப் படத்தின் இயக்குநர் பி. விட்டலாச்சார்யா.

1920இல் உடுப்பிக்கு அருகே உத்யாவரத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே வீட்டைவிட்டு அரசிகெரேவுக்கு வந்து ஓட்டல் நடத்தினார். பிறகு நண்பர்களோடு சேர்ந்து ஹாசன் மாவட்டத்தில் டூரிங் டாக்கீஸ் தொடங்கினார். மைசூரில் கன்னடப் படங்கள் எடுத்துவிட்டு 1950களில் சென்னைக்கு வந்தார். இந்த வரலாற்றில் முக்கியமானது டூரிங் டாக்கீஸ்தான். கூடாரக் கொட்டகையில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் இருக்கும். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். மணலில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்காரருக்கு வசனத்தில் பாதி காற்றோடு போய்விடும். ஒரு காட்சி அவரை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும் என்றால் அது கண்ணால் புரிய வேண்டும். விட்டலாச்சார்யாவின் படங்கள் கடைசிவரை அந்தத் தரை டிக்கெட்காரருக்காகவே எடுக்கப்பட்டவை.

மொழி தாண்டி அவை ஓடியதற்கும் இதுவே காரணம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் போனால், ஏரியே தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவானது. சுற்றுவட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். கை நீளமாக நீண்டு தூரத்துப் பொருளை எடுக்கும் பேயைப் புரிந்துகொள்ள இரண்டில் எந்த மொழியும் தேவையில்லை.

தந்திரங்கள் எளியவை. கேமராவை நிறுத்தி, ஆளை அப்புறப்படுத்தி, மறுபடி ஓடவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். பிரான்ஸில் ஜார்ஜ் மெலியே 1896இலேயே செய்துகாட்டியது இது. ஒரே பிலிமில் இரண்டு முறை படம்பிடித்தால் ஆவி சுவரை ஊடுருவும். கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடை போட்டவர் எலும்புக்கூட்டை ஆட்டினால் அது தானே ஆடும். 1957இல் ‘மாயா பஜார்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி செய்ததும் இதே குடும்பத்துத் தந்திரங்கள்தான். அங்கே பணமும் நேரமும் இருந்தன, அதனால் கண்ணுக்கு நூல் தெரியவில்லை. விட்டலாச்சார்யாவிடம் இரண்டும் குறைவு, நூல் தெரிந்தது. கூலி அதிகம் கேட்ட நடிகரின் பாத்திரத்தை முனிவர் சாபத்தால் கிளியாகவோ ஆடாகவோ மாற்றி மீதிப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமா வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அவர் படங்களின் கணக்கு அதுதான்: பணம் தட்டுப்பாடாகும் இடத்தில் ஒரு மாயம் வந்து நிற்கும்.

இந்தியில் இதே வழியில் போனவர்கள் ராம்சே சகோதரர்கள். தந்தை எஃப். யு. ராம்சே தயாரித்த ‘ஏக் நன்ஹி முன்னி லட்கி தி’ 1970இல் தோற்றது. ஆனால் கோர முகமூடி அணிந்து பிருத்விராஜ் கபூர் அருங்காட்சியகத்தில் திருடும் காட்சிக்கு மட்டும் ஆட்கள் வருவதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். படம் முழுக்க அப்படியே இருந்தால் என்ன என்ற யோசனையில் பிறந்தது 1972இல் வந்த ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’. ஏழு பிள்ளைகளும் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி என்று வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1984இல் ‘புரானா மந்திர்’ பெரும் வெற்றி பெற்றது.

இந்த வகையை எல்லை மீறிக் கொண்டுபோனவர்கள் இத்தாலியர்கள். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோவின் ‘டான் ஆஃப் த டெட்’ 1978இல் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் வந்து வசூலை அள்ளியது. அடுத்த ஆண்டே லூச்சோ ஃபுல்சி ‘ஸோம்பி 2’ என்று ஒரு படம் எடுத்தார். முதல் படத்துக்கும் இதற்கும் கதையளவில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டும் தொடர்ச்சி. ஆனால் அந்தப் படத்தில் கடலுக்கடியில் ஜாம்பியும், அதாவது எழுந்து நடமாடும் பிணமும், சுறாவும் மோதும் ஒரு காட்சி இருக்கிறது. ஜாம்பி வேடத்தில் தண்ணீருக்குள் இறங்கியவர் மெக்சிகோவின் ராமோன் பிராவோ, நீருக்கடியில் படம்பிடிப்பதில் பேர்பெற்றவர். சுறா நிஜச் சுறா. கடலில் பிழைப்பவர் யாரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கதைக்குத் தேவையே இல்லாத காட்சி அது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் அதற்கு நிகர் வரவில்லை. ஜியானெட்டோ டி ரோஸ்ஸியின் ஒப்பனையில் புழு நெளியும் முகங்கள் மண்ணைப் பிளந்து எழுவதும் அப்படித்தான்.

எல்லோரும் ஃபுல்சி அல்ல. புருனோ மத்தேயி 1980இல் எடுத்த ஜாம்பிப் படத்தில் நியூ கினி பழங்குடிகளைப் பற்றிய ஆவணப்பட நறுக்குகளை நடுவே ஒட்டினார். இசையையும் ரொமெரோவின் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். உம்பெர்த்தோ லென்ஸி அதே ஆண்டில் தன் ஜாம்பிகளை ஓடவும் ஆயுதம் ஏந்தவும் விட்டார். ஆந்த்ரேயா பியாங்கியின் படத்தில் சிறுவனாக வந்தவருக்கு ஏறக்குறைய 25 வயது. இவற்றில் பலவற்றில் பெண்ணுடல் வெறும் காட்சிப்பொருள், ரத்தம் அளவுக்கு மிஞ்சியது. அந்தக் குறையை ரசிகர் மறைக்க வேண்டியதில்லை. ‘ஸோம்பி 2’ உட்படப் பல படங்களின் வீடியோ கேசட்டுகள் பிரிட்டனில் அரசுத் தரப்பின் தடைப்பட்டியலில் ஏறின. 1984இல் வீடியோக்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தடை அவற்றின் புகழைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மோகினிக்கும் ஜாம்பிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழ்ப் பேய் ஆசை தீராத ஆவி. அதற்கு உடல் இரவல். ஜாம்பிக்கு ஆசையும் இல்லை, நினைவும் இல்லை. அது அழுகும் உடல் மட்டுமே. இறந்தவரை உடலாக நினைத்து அஞ்சும் ஐரோப்பிய மரபின் ஒரு துண்டு பழவேற்காட்டிலேயே நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், சாவை மறவாதே என்று உள்ளே வருபவருக்குச் சொல்கின்றன. பெரும்பாலும் எரியூட்டிச் சாம்பலைக் கரைக்கும் நாட்டில் குழியிலிருந்து எழும் பிணம் எளிதில் ஒட்டாது. தமிழில் ஜாம்பி தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ 2016இல்தான் வந்தது. அதிலும் பிணம் மண்ணிலிருந்து எழவில்லை. ரசாயனக் கழிவைக் குடித்த நாயிலிருந்து தொற்று பரவுகிறது.

மட்டமான பேய்ப்படத்தின் ஈர்ப்பு பயத்தில் இல்லை. பயம் முதல்முறையோடு போய்விடும். திரும்பத் திரும்பப் பார்க்கவைப்பது கைவேலை. பணமில்லாத ஒருவர் இதை எப்படிச் செய்திருப்பார் என்ற வியப்பு, கதை பிடிபடாவிட்டாலும் ஒரு படிமம் மனதில் ஒட்டிக்கொள்ளும் விதம், அடுத்து என்ன நடக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாத சுதந்திரம். பெரிய முதலீட்டுப் படங்கள் அஞ்சி ஒதுக்கும் யோசனைகளை இவை தயங்காமல் செய்துபார்த்தன. நமீதா நடிக்க 2009இல் ‘ஜகன்மோகினி’யைத் தமிழில் கிராஃபிக்ஸோடு மறுபடி எடுத்தார்கள். பழைய படத்தை நினைவிலிருந்து அதனால் அகற்ற முடியவில்லை.

இத்தாலியர்கள் தங்கள் மட்டமான படங்களை இன்று பொக்கிஷமாகப் பார்க்கிறார்கள். ‘ஸோம்பி 2’ 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு 2018இல் மீண்டும் வந்தது. 1999இல் காலமான விட்டலாச்சார்யாவின் படங்களை நாம் பார்ப்பதோ இணையத்தில், வெளுத்துக் கீறல் விழுந்த பிரதிகளாக. பிலிம் ஆவணக் காப்பகங்களும் உரிமை வைத்திருப்பவர்களும் அவற்றின் மூலப் பிரதிகளைத் தேடி எடுத்து, பிலிம் கெட்டுப்போகும் முன் புதுப்பிக்க வேண்டும்.