ஆய்வுக்கூட டிப்ளோமா: சேரும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எழுத்துகள்

மலேசியாவில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக வேலை செய்ய, மூன்றாண்டு டிப்ளோமா மட்டும் போதாது. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு பெற்று, தொழில் செய்வதற்கான சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 2020 ஜூலை 1-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் பட்டியலிடும் 23 தொழில்களில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் பணியும் ஒன்று.

எஸ்பிஎம் தேர்வு முடிவுக்கும் விண்ணப்ப இறுதி நாளுக்கும் நடுவே அவகாசம் அதிகம் கிடைப்பதில்லை. ஜொகூரின் செனாய், கூலாய் வட்டாரப் பெற்றோர் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் அந்த அவசரம் தெரிகிறது. பெரும்பாலோர் கேட்பது ஒன்றே: "கல்லூரி அங்கீகாரம் பெற்றது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, சேர்க்கலாமா?" அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே தரப்படுகிறது. அதிலும் இரண்டு நிலைகள் உண்டு.

மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்கியூஏ, 2007-இல் அமைக்கப்பட்டது. புதிய படிப்பைத் தொடங்க விரும்பும் தனியார் கல்லூரி, பாடத்திட்டம், விரிவுரையாளர், ஆய்வுக்கூட வசதி ஆகியவற்றை ஆவணங்களில் காட்டி முதலில் தற்காலிக அங்கீகாரம் பெறுகிறது. மாணவர்களைச் சேர்க்க முழு அங்கீகாரம் தேவையில்லை. முதல் அணி மாணவர்கள் இறுதிக் கட்டத்தை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கிறது.

இதில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சி எப்படி நடந்தது, தேர்வுகள் எந்தத் தரத்தில் இருந்தன என்பதை, யாரும் படிக்காத படிப்பில் எப்படி அளப்பது? ஆனால் இந்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. கட்டணம் கட்டி, மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழித்த பிறகுதான் அந்தப் படிப்பு தேறியதா என்பது அவருக்குத் தெரியவரும். முழு அங்கீகாரம் கிடைக்காமல் போனால் மன்றப் பதிவும் அரசாங்க வேலையும் கேள்விக்குறியாகிவிடும். விளம்பரத்தில் "எம்கியூஏ அங்கீகாரம்" என்று அச்சிடும் கல்லூரி பொய் சொல்லவில்லை. எந்த அங்கீகாரம் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. அதிகாரபூர்வ ஏற்பாட்டிலேயே இப்படி ஓர் ஓட்டை இருப்பது வருத்தத்துக்குரியது.

சரிபார்க்கும் வழி எளிது. மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் தேடினால் ஒரு குறியீட்டு எண் வரும். எண்ணுக்கு முன் "பிஏ" என்றிருந்தால் தற்காலிகம், "எஃப்ஏ" என்றிருந்தால் முழுமை. படிப்பின் பெயர், கல்லூரி வளாகத்தின் முகவரி, அங்கீகாரத் தேதி மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியின் வேறு வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரத்தை வைத்து முடிவெடுப்பது ஆபத்து. கல்விக் கடன் கிடைக்கிறது என்பதையும் முழு அங்கீகாரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"பிஏ" படிப்பில் சேரவே கூடாது என்று சொல்ல முடியாது. எல்லாப் படிப்புகளும் அப்படித்தான் தொடங்கின. ஆனால் சேரும் முன், பயிற்சிக்கு எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரத்தவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், திசு ஆய்வு, இரத்த வங்கி என ஒவ்வொரு பிரிவிலும் நின்று பழகாதவர் ஆய்வுக்கூடத்தில் தடுமாறுவார். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியைத் தவிர்ப்பதே நல்லது.

அரசாங்க இடங்களுக்கு வழி வேறு. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் மூலமும், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு எனும் பொதுச் சேர்க்கை முறையின் மூலமும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் இறுதி நாள் வேறு.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் இவை.

எஸ்பிஎம்மில் என்ன வேண்டும்? கணிதத்திலும் ஓர் அறிவியல் பாடத்திலும் கிரெடிட். மொத்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும்.

நிறக்குருடு தடையா? சாயமேற்றிய செல்களைப் பார்க்கும் வேலை என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரவு வேலை உண்டா? மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் உண்டு.

அரசாங்கப் பதவித் தரம்? முன்பு யு29, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் யு5.

சிங்கப்பூரில் வேலை? மலேசியப் பதிவு அங்கே தானாகச் செல்லாது. தகுதியை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.