பள்ளிப் பதிவேட்டிலிருந்து வியட்நாம் வரை

மருத்துவம் சார்ந்த வேலை என்றால் நம் மாணவர்களுக்கு டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் நினைவுக்கு வருவார்கள். மருத்துவச் சமூகவியலாளர் என்றொருவரும் உண்டு. நோய் யாருக்கு, எந்தச் சூழலில் வருகிறது, எப்போது விலகுகிறது என்று ஆராய்பவர் அவர். போதைப்பழக்கத்தை அப்படி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லீ ராபின்ஸ் (1922–2009).

செயின்ட் லூயிஸ் நகரில், நடத்தைச் சிக்கல்களுக்காகக் குழந்தைகள் ஆலோசனை மையத்துக்கு வந்த 524 பேரை, சுமார் 30 ஆண்டுகள் கழித்து அவர் தேடிப் பிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதே நகரின் பழைய பள்ளிப் பதிவேடுகளிலிருந்து 100 பேரை எடுத்துக்கொண்டார். (நாம் சலிப்போடு நிரப்பும் பதிவேடுகள்தாம்!) 1966இல் நூலாக வந்த முடிவு இது: சமூக விரோதப் போக்குடைய பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் சிறுவயதிலும் அப்படியே இருந்தவர்கள், ஆனால் அப்படி இருந்த சிறுவர்களில் பெரும்பாலோர் அவ்வாறு வளரவில்லை.

1971இல் வியட்நாமிலிருந்து திரும்பும் படைவீரர்களிடையே ஹெராயின் பரவியிருப்பது அமெரிக்க அரசைக் கலங்கடித்தது. ஆய்வுப் பொறுப்பு ராபின்ஸிடம் வந்தது. அவர் குழு சுமார் 900 பேரை நேரில் கண்டு பேசியது. சொன்ன பதில்களை இராணுவப் பதிவுகளோடும் சிறுநீர்ப் பரிசோதனையோடும் ஒப்பிட்டது. அங்கே ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. பெரும்பாலோர் சிகிச்சை ஏதும் பெறவில்லை. பலர் இதை நம்ப மறுத்தார்கள்.

போர் அச்சம்தான் காரணம் என்ற விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. பலர் போர்முனையைப் பார்க்கும் முன்பே தொடங்கியிருந்தார்கள். அங்கே ஹெராயின் மலிவு, புகைத்தாலே போதும். ஊரிலோ விலை அதிகம். கைதாகும் பயம், வீட்டாரின் கண்டிப்பு வேறு.

‘தானாகவே விட்டுவிடுவான்’ என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. அந்த வீரர்களுக்குச் சூழல் முற்றிலும் மாறியது. பையில் போதைப் பாக்குடன் பிடிபடும் நம் மாணவன் மாலையில் அதே தெருவுக்குத்தான் போகிறான். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் அவனுக்குப் பள்ளி மட்டுமே மாறும், விற்கும் கடை மாறாது. யாரோடு, எங்கே, எப்போது தொடங்கியது என்று ராபின்ஸைப் போல மிரட்டாமல் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்புண்டு.

பிளஸ் 2வில் அறிவியல் எடுக்காதவர்களும் சமூகவியலில் பட்டமும் முதுகலையும் படித்து இத்துறைக்கு வரலாம். புள்ளியியல் கற்க வேண்டும், முன்பின் தெரியாதவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும்.