உஷார்! ‘ஒரே வருஷத்தில் நர்ஸ், வயது வரம்பு இல்லை’

“பத்தாவது பாஸ் / ஃபெயில். வயது வரம்பு இல்லை. ஒரே வருடத்தில் நர்சிங். 100% வேலை உத்தரவாதம்.” திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் மாதிரி ஊர்களின் பஸ் நிறுத்தச் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீஸின் வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கீழே ஒரு செல் நம்பர். முகவரி கிடையாது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக ஒட்டியது என்று நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வு தெரியும், கல்லூரி தெரியும். நோட்டீஸ்காரர் தேடுவது வேறு ஆட்களை. ஜவுளிக்கடையில் பத்து வருஷம் நின்று கால் வீங்கிப்போன அக்கா, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கும் பி.ஏ., பி.எட். டீச்சர், சின்ன வெங்காயம் விலை விழுந்த வருஷத்தில் வேறு பிழைப்பு யோசிக்கும் தம்பி. முப்பது வயதுக்கு மேல் நர்ஸாக ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் ஏமாந்தால் ஒரு வருஷம் போகும். முப்பத்து நான்கு வயதுக்காரர் ஏமாந்தால் வாசலே அடைபட்டுவிடும்.

காரணம் இதுதான். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இரண்டு வருஷ ஏ.என்.எம். படிப்புக்கும் மூன்று வருஷ ஜி.என்.எம். படிப்புக்கும் சேரும் உச்ச வயது 35. அரசு இடங்களுக்குக் கலந்தாய்வு நடத்தும் சென்னை கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழு தன் விளக்கக் குறிப்பேட்டில் வைக்கும் வரம்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பிரிவுக்குப் பிரிவு மாறவும் செய்யலாம். அந்த வருஷத்துக் குறிப்பேட்டைப் படிக்காமல் போன வருஷம் சேர்ந்தவர் சொன்னதை நம்பாதீர்கள். ‘வயது வரம்பு இல்லை’ என்று ஒரு இடம் அடித்துச் சொல்கிறதென்றால், அங்கே நடப்பது கவுன்சில் அங்கீகரித்த நர்சிங் படிப்பு அல்ல என்பதற்கு அந்த ஒரு வரியே போதும்.

புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு வாசல் மூன்றுதான். ஏ.என்.எம். (பெண்களுக்கு மட்டும்), ஜி.என்.எம்., நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். மூன்றுக்கும் பிளஸ் டூ தேவை. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து மார்க்கும் வாங்கியிருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் எடுத்தவர் ஏ.என்.எம்., ஜி.என்.எம். பக்கம்தான் பார்க்க வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது ஏற்கெனவே ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்களுக்கு. ‘டிகிரி இருக்கு இல்ல, நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்த்துவிடறேன்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மெல்போர்னில் இருக்கும் சித்தி மகள் நாற்பது வயதில் ஒன்றரை வருஷ டிப்ளமோ படித்து நர்ஸானது உண்மையாகவே இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு படி உண்டு. வேறு பட்டம் வாங்கியவர்களுக்கு இரண்டு வருஷ முதுநிலைப் படிப்புகூட உண்டு. இங்கே இரண்டும் இல்லை. எம்.ஏ. படித்திருந்தாலும் முதல் வருஷத்தில், பிளஸ் டூ முடித்து வந்த பெண்ணின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

இனி அந்த ஒரு வருஷப் படிப்புக்குக் கொடுக்கும் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்ப்போம். கெட்டித் தாள், தங்க நிற ஓரம், பளபளக்கும் ஹாலோகிராம், மேலே வரிசையாக நான்கு முத்திரை. ‘அரசு பதிவு பெற்றது’ என்று தடித்த எழுத்து. பக்கத்தில் பதிவு எண். அந்த எண் எதற்குரியது என்று கேளுங்கள். அறக்கட்டளையைப் பதிந்த எண், சங்கப் பதிவுச் சட்டத்தில் வாங்கிய எண், இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. நம்பர். மளிகைக்கடைக்கும் ஐ.எஸ்.ஓ. வாங்கலாம்! நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாக வேண்டும். அந்த ஹாலோகிராம் காகிதத்தை அங்கே கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். அதோடு முடிவதில்லை. சில இடங்களில் அந்தச் சான்றிதழை நம்பி உங்களை வார்டில் நிறுத்தி ஊசி போடவும் சொல்வார்கள். நோயாளிக்கு ஒன்று ஆகிவிட்டால் வழக்கில் நிற்பது பதிவில்லாத நீங்கள்.

குடும்பஸ்தர்களை அதிகம் மயக்குவது இன்னொரு வாசகம்: ‘ஞாயிறு மட்டும் வகுப்பு, பரீட்சைக்கு மட்டும் வெளிமாநிலம் வந்தால் போதும்.’ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலையையும் விடாமல் படிக்கலாம் என்று நினைக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கவுன்சில் கேட்கும் வருகைப்பதிவு 80 சதவீதம். வார்டுப் பயிற்சியோ 100 சதவீதம் முடித்தாக வேண்டும். பிரசவ வார்டும் நைட் டியூட்டியும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அடங்குமா? இதேபோல ‘ஜனவரி பேட்ச், ஜூலை பேட்ச்’ என்பதும் சந்தேகத்துக்குரியது. முறையான நர்சிங் சேர்க்கை வருஷத்துக்கு ஒரு முறைதான்.

சரி, 35 தாண்டிவிட்டது, என்ன செய்வது? ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்ற பெண்களுக்குக் கவுன்சில் ஒரு சலுகை வைத்திருக்கிறது: அவர்கள் ஜி.என்.எம். சேர உச்ச வயது தடையில்லை. 33, 34 வயதில் இருக்கும் அக்காக்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வாசலும் இல்லாதவர்களுக்கு, நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி இருக்கிறது. நேர்மையான வேலை, தேவையும் அதிகம். படுக்கையில் கிடக்கும் முதியவரைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கு எந்த ஊரிலும் மரியாதை உண்டு. அதை ‘நர்சிங்’ என்று பெயர் மாற்றி விற்பதுதான் மோசடி.

சம்பளப் பேச்சிலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2016-ல் பரிந்துரைத்தது. ஏஜென்ட் அதைக் காட்டுவார். பரிந்துரை வேறு, மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறு. அரசு வேலையும் எடுத்த எடுப்பில் நிரந்தரமாகிவிடாது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுத்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். ‘படிப்பு முடிந்ததும் சவூதி, குவைத்’ என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த அரசு நிறுவனம் மூலம்? குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை எடுப்பதை 2015-லேயே மத்திய அரசு குறிப்பிட்ட அரசு நிறுவனங்களின் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

ஆகவே பணம் கட்டும் முன், பள்ளியின் பெயர் இந்த வருஷப் பட்டியலில் இருக்கிறதா என்று மாநிலக் கவுன்சிலில் பாருங்கள். பி.எஸ்சி. கல்லூரியானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை ‘பாதுகாப்பாக’ வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ரசீது தராத இடத்தில் பத்து ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

பதினைந்து வருஷத்துக்கு முன் வாங்கிய பிளஸ் டூ மார்க் ஷீட் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து தேடுங்கள். தொலைந்துபோயிருந்தால் நகல் வாங்க நாள் பிடிக்கும். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், விண்ணப்பத்தின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.