காணாமற்போன டி டிரைவ்



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனையொட்டி நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் விண்டோஸ் 11க்கு மாறின. நாமும் மாறினோம். மாறிய இரவே நம் இல்லத்தில் துக்க வீட்டின் மௌனம் வந்து குடிகொண்டது. கணிப்பொறியைத் திறந்தால் சி டிரைவ் ஒன்றுதான் தென்பட்டது. டி டிரைவைக் காணோம்.

அதில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால் அன்பர்கள் நம் நிலையை உணர்வார்கள். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் மூட்டை கட்டி ஊர் ஊராய் இறங்கி வாழ்கிறவர்கள் நாம். குடும்பத்துப் புகைப்பட ஆல்பங்களிற் பாதியைக் கரையான் தின்றது. மீதியில் மழைக்கால ஈரம் பாய்ந்தது. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அந்த டிஸ்கிற் சேர்த்திருந்தோம். ஊர் வீட்டின் பத்திர நகலும் அதில்தான். எல்லாவற்றிற்கும் மேலாக, காலஞ்சென்ற நம் தாயார் பேத்திக்குத் தாலாட்டுப் பாடிய ஒலிப்பதிவு ஒன்றும் அதில் இருந்தது. வேறு பிரதி உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. இதனை எழுதவே நாணுகிறோம்.

மறுநாள் பெட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் ஐந்து நிமிடம்கூடப் பாராமல், டிஸ்க் பழுதாகிவிட்டது, யாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று தீர்ப்புக் கூறினார். நாம் தலையசைக்கும் நிலையில்தான் இருந்தோம். உடன் வந்திருந்த துணைவியார் குறுக்கிட்டார்: "அத்தையின் குரல் அதில் இருக்கிறதே. அதை அழித்துவிட்டு எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?" பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவம் அன்றிரவு கைகொடுத்தது. சீட்டுக் கிழிந்த மூட்டையொன்று கொட்டகையின் மூலையிற் கிடக்கும்; புத்தகத்தில் அதற்குக் கணக்கு இராது. உரியவர் வந்து கேட்டால், வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூட்டையோ பத்தடி தூரத்திலேயே இருக்கும்! டிஸ்கின் கதையும் பெரும்பாலும் இதுவே. டி என்னும் எழுத்து டிஸ்கிற் பொறிக்கப்பட்டதன்று. விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் சீட்டு அது. பதிப்பு மாறும்போது அந்தச் சீட்டு உதிர்ந்துவிடுவதுண்டு. உள்ளிருக்கும் பொருளுக்கு அதனால் யாதொரு சேதமும் இல்லை. (ஏயும் பியும் ஏன் இல்லை என்று நம் மகள் கேட்டாள். அவை பழைய ஃபிளாப்பித் தகடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. தகடுகள் போயின, ஒதுக்கீடு போகவில்லை.)

சீட்டை மீண்டும் ஒட்டுவது எளிது. விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தியவாறே எக்ஸ் விசையைத் தட்டினால் ஒரு பட்டியல் எழும். அதில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்பதைத் தேர்க. கணிப்பொறியோடு இணைந்த எல்லா டிஸ்குகளும் கட்டங்களாக வரிசையில் நிற்கும். நம் டிஸ்க் அங்கே, அளவு மாறாமல், நலமாகவே இருந்தது. எழுத்து மட்டும் இல்லை. அந்தக் கட்டத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்து, "ஆட்" என்பதைத் தட்டி, பழைய டி எழுத்தையே கொடுத்தோம். வேறெழுத்துக் கொடுத்தாலும் திறக்கும். ஆயினும் பழைய குறுக்குவழிகளும் சில நிரல்களும் டியைத் தேடி ஏமாறும். ஒரு நிமிடத்தில் தாயாரின் குரல் கூடத்தில் ஒலித்தது. அதன்பின் சற்று நேரம் எங்களில் எவரும் பேசவில்லை.

எல்லா வீட்டிலும் இவ்வளவு எளிதாக முடியாது. கட்டத்தின் இடப்புறம் "ஆஃப்லைன்" என்றிருந்தால், அங்கே வலப்பொத்தானை அழுத்தி "ஆன்லைன்" ஆக்கினாற் போதும். டிஸ்கே அங்குத் தென்படவில்லையெனில், கணிப்பொறி எழும்போது வரும் பயாஸ் திரையிற் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையேல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே உள்ள கேபிள்கள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்தல் நலம். பயாஸில் இருந்து விண்டோஸில் இல்லையேல், இடையில் மொழிபெயர்க்கும் டிரைவர் என்னும் மென்பொருள் இல்லையென்று பொருள். இன்டெல் நிறுவனத்தின் ரேபிட் ஸ்டோரேஜ் முறை உள்ள கணிப்பொறிகளில் இந்தக் குறை நேர்வதுண்டு. கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய மாதிரிக்கான டிரைவரைப் பெறுக.

இனி, அஞ்ச வேண்டியவை. "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தாலன்றிப் பயன்படுத்த இயலாது" என்று ஒரு பலகை தோன்றும். பணிவான சொற்கள்தாம், ஆனால் அதற்கு இசைந்தால், இருக்கும் கோப்புகளின் விலாசங்கள் துடைக்கப்படும். "இனிஷியலைஸ்" என்று கேட்பதும் ஏறத்தாழ அதே ஆபத்து. இரண்டிலும் "கேன்சல்" என்பதையே அழுத்துக. அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். டிஸ்கிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுங்கள். வீட்டுப் பரிசோதனைகள் வேண்டா.

பூட்டுச் சின்னம் தோன்றினால் அது பிட்லாக்கர். 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் கேட்கும். பலருக்கு அது தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்த எண் இல்லையேல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. திறப்பேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டா.

டிஸ்க் இருந்து, கோப்புகள் மட்டும் காணவில்லையெனில் சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்டு" என்னும் உறையைத் திறந்து பாருங்கள். மேம்படுத்திய பின் வழக்கமாகப் பத்து நாட்களே பழைய பதிப்புக்குத் திரும்ப வாய்ப்புண்டு. பதினோராம் நாள் விழிப்பதிற் பயனில்லை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் அதன் வினியோகத்தை நிறுத்தி, திருத்திய பின் நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. ஆகவே எவ்வளவு பெரிய நிறுவனத்தின் பதிப்பாயினும், நிறுவுமுன் பிரதி எடுத்தாக வேண்டும்.

நாம் இப்போது இரண்டு பிரதிகள் எடுத்துள்ளோம். ஒன்று பீரோவில், மற்றொன்று ஊரிலுள்ள தம்பியிடம், விடுமுறைக்குச் சென்றபோது கொடுத்துவிட்டு வந்தோம். தபாலில் அனுப்பலாமே என்றார் துணைவியார். மூட்டைகள் எறியப்படும் விதத்தைக் கண்ணாரக் கண்டவர்களாகையால் நாம் இசையவில்லை.

வரும் இரண்டு ஞாயிறுகளிலும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை சங்க வாசகசாலையில் இருப்போம். டிரைவ் காணாத அன்பர்கள் கணிப்பொறியைக் கொண்டு வரலாம். பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள் அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதிக்கொண்டு வருக. எது கேட்டாலும், வரும் வரையில் "கேன்சல்".