அம்மா பகலில் எங்கே இருப்பார்?

துவாஸில் குடியிருப்பு வீடுகள் கிடையாது. கப்பல் பட்டறைகள், தொழிற்சாலைகள், கிடங்குகள், ஊழியர் தங்கும் விடுதிகள், இவைதான். ஆனால் விடிகாலையில் துவாஸ் லிங்க் பக்கம் போகும் எம்ஆர்டி ரயிலில் நிற்பவர்களில் பலருக்கு, ஜூரோங்கிலோ பூன் லேயிலோ தஞ்சாவூரிலோ, வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். நீங்களும் அந்த ரயிலில் நின்றுகொண்டு, “அடுப்பை அணைத்திருப்பாரா? கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கியிருப்பாரா?” என்று கவலைப்படுபவரானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

வயதானால் மறதி வருவது சகஜம்தானே?

சகஜம்தான், ஓரளவுக்கு. சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று ஒரு நாள் சந்தேகம் வருவது வயது. நாற்பது வருடமாக வைத்த சாம்பாரை எதில் தொடங்கி எதில் முடிப்பது என்றே தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றுவிடுவது வேறு. அது டிமென்ஷியாவின் (மூளை பாதிக்கப்பட்டு நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் மெல்ல மெல்லக் குறையும் நிலை) அறிகுறியாக இருக்கலாம். முதுமை மறதிநோய் என்று இங்கே சொல்கிறோம். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 2023 ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. ஏறத்தாழப் பதினொரு பேரில் ஒருவர்.

நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே போலத் தோன்றும். அவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால் முதல் படி குடும்ப மருத்துவர் அல்லது பலதுறை மருந்தகம்.

நோய் உறுதியானால் நேராகத் தாதிமை இல்லம்தானா?

இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒன்று வீட்டிலேயே பூட்டி வைப்பது, இல்லையென்றால் இல்லத்தில் சேர்ப்பது என்று இரண்டே வழிகளைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் பல படிகள் உண்டு.

முதலாவது, துடிப்பாக மூப்படைதல் நிலையம். உங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலேயே ஒன்று இருக்கக்கூடும். தீவு முழுவதும் இருநூறுக்கு மேல் உள்ளன. 60 வயது ஆனவர்கள் போகலாம். உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது, கைவேலை என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். தனியாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துப் பேசும் தொண்டூழியர்களும் உண்டு. தானாகப் போய்த் தானாகத் திரும்பக்கூடியவர்களுக்கு இது ஏற்றது.

எங்கள் அம்மா தனியாகத் திரும்பி வரமாட்டாரே?

அப்படியானால் முதுமை மறதிநோய்ப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். காலையில் விட்டு மாலையில் அழைத்துக்கொள்ளலாம். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு ‘நியூ ஹொரைசன்’ என்ற பெயரில் இத்தகைய நிலையங்களை நடத்துகிறது. 1990இல் அல்சைமர்ஸ் நோய்ச் சங்கமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு இது. அந்த நிலையங்களில் ஒன்று ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் பூன் லே எம்ஆர்டி. அதே கிழக்கு-மேற்கு பாதையின் மேற்கு முனைதான் துவாஸ் லிங்க். உங்கள் வேலைப் பாதையிலேயே நிலையம் அமைந்துவிட்டால் பாதிச் சுமை குறைந்தது.

முதலில் மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: இடம் காலியாக இருக்கிறதா, எத்தனை மணி வரை வைத்துக்கொள்வார்கள், வேன் வசதி உண்டா. உங்கள் ஷிஃப்ட் இரவு எட்டுக்கு முடிந்தால், நிலையம் மூடும் நேரத்துக்கும் அதற்கும் நடுவே யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அங்கே என்னதான் செய்வார்கள்? கைதட்டிப் பாட்டுப் பாடுவதா?

பாட்டும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் நல்ல நிலையத்தில் ஒவ்வொருவருடைய கைக்கும் ஒரு வேலை இருக்கும். நேற்று நடந்தது மறந்துபோனவருக்கும் கைப்பழக்கம் வெகுநாள் மறக்காது. பெயரன் பெயரை மறந்த பாட்டி மல்லிகையைக் கொடுத்தால் சரம் தொடுப்பார். முருங்கைக்கீரை உருவுவார், பூண்டு உரிப்பார், துண்டை மடித்து அடுக்குவார். பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவுக்கு ஒரு பெட்டி நிறைய நட்டும் போல்ட்டும் கொடுத்து அளவுவாரியாகப் பிரிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். ‘நம்மால் இன்னும் ஏதோ ஆகிறது’ என்ற உணர்வு அதில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், மாத்திரைக்கு அடுத்தபடி அதுதான் முக்கியம்.

உடல் அசைவும் வேண்டும். மூத்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் கூடவே வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி சின்னதுதான். ஆனால் கழிவறையில் விழாமல் காப்பாற்றுவது அதுதான். தொடையெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தால் மறதி இன்னும் வேகமாக முற்றும்.

காதையும் கவனியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கை, இந்த நோய்க்குக் காரணமாகி நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 விஷயங்களைச் சொல்கிறது. காது மந்தம், பார்வைக் குறை, தனிமை, உடல் அசைவின்மை எல்லாம் அதில் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத அம்மாவுக்கு மறதிதான் என்று இருந்துவிடாதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படித்தான் இருப்பார்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வருகிறது. அங்கே யாருடன் பேசுவார்?

நம் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. கையேடுகளில் இதற்கு இடம் குறைவு.

நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. தேக்கா மார்க்கெட்டில் மலாயில் பேரம் பேசியவர், அண்டை வீட்டாரிடம் ஆங்கிலத்தில் பேசியவர், கடைசியில் சிறு வயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார். இல்லங்களில் வேலை செய்யும் தாதிகள் பலர் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். அன்பானவர்கள்தான். ஆனால் “ஒண்ணுக்கு வருது” என்று பாட்டி பத்து முறை சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது. பாட்டி எழுந்து நடப்பார், அவர்கள் உட்காரச் சொல்வார்கள், பாட்டி கத்துவார். குறிப்பேட்டில் ‘ஆத்திரப்படுகிறார்’ என்று எழுதப்படும். அவருக்கு வேண்டியிருந்தது கழிவறை.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது உண்டு. ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை எழுதுங்கள்: தண்ணி, பசி, வலி, குளிருது, ஒண்ணுக்கு, பயமா இருக்கு, வீட்டுக்குப் போகணும். பக்கத்தில் தாதிகள் வாசிக்கும் எழுத்தில் உச்சரிப்பையும் பொருளையும் போட்டு, கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு தாள் இன்னும் முக்கியம். அம்மாவின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த ஊர், என்ன வேலை செய்தார், வீட்டில் எப்படி அழைப்பார்கள், காப்பியா டீயா, எந்தக் கிழமை சைவம், எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், எதற்குப் பயப்படுவார், இறந்துபோன யாரைத் தேடுவார். ‘எட்டாம் எண் கட்டில்’ அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு ஒரு மனுஷியாகத் தெரிவார். வானொலியில் ஒலி 96.8 வைக்கச் சொல்வது, தமிழ் முரசை எடுத்து வாசித்துக் காட்டத் தமிழ்த் தொண்டூழியர் கிடைப்பாரா என்று விசாரிப்பது, இவற்றையும் கேட்கத் தயங்காதீர்கள்.

“நான் எங்கேயும் போகமாட்டேன்” என்று பிடிவாதம் பிடித்தால்?

முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். வாதாடாதீர்கள். வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அவருக்கு அது நினைவிருக்காது, மனத்தாங்கல் மட்டும் மிஞ்சும். அரை நாளில் தொடங்குங்கள். நீங்களும் கூடவே ஒரு மணி நேரம் உட்காருங்கள். “அங்கே பூக்கட்ட ஆள் வேண்டுமாம்” என்று உண்மையான ஒரு வேலையைக் காரணமாக வைத்து அழைத்துப் போங்கள்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் உங்கள் மனத்தில் ஓடும். பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் தொலைக்காட்சி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, பத்துப் பேர் நடுவே இருப்பது அவருக்கு நல்லது. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்பவர்கள் யாரும் பகலில் வந்து பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

நிரந்தரமாகத் தங்கும் இடம் வேண்டுமென்றால்?

இன்னும் ஓரளவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்குச் சமூகப் பராமரிப்பு வீடுகள் உண்டு. முதல் திட்டம் 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. 65 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டோடு, அவசர உதவி, எளிய உடல்நலச் சோதனை போன்ற சேவைகளையும் கட்டாயம் வாங்க வேண்டும். நோய் முற்றியவருக்கு இது போதாது.

அவர்களுக்குத் தாதிமை இல்லம். பாசிர் ரிஸில் உள்ள அபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் மறதிநோயாளிகளுக்காகவே கட்டப்பட்டு 1999இல் திறக்கப்பட்டது. ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் ஓர் இல்லம் நடத்துகிறது. ஜூரோங் வெஸ்ட்டில் செயின்ட் ஜோசப்ஸ் இல்லமும் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பாட்டிகளும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட வாய்ப்பு.

இல்லத்தைப் பார்க்கப் போனால் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். நிகழ்ச்சி எதுவும் நடக்காத நேரம் அது. தங்கியிருப்பவர்கள் எல்லாரும் வரிசையாகச் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார்களா? யாரையாவது கட்டி வைத்திருக்கிறார்களா? கண்ணாடியும் காது கருவியும் ஆளின் மேல் இருக்கின்றனவா, அலமாரியில் இருக்கின்றனவா? வெளியே நடக்கத் தோட்டம் உண்டா? சுவரில் தொங்கும் அட்டவணையைவிட இவை அதிகம் சொல்லும்.

செலவு தாங்குமா?

தகுதியுள்ளவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து அரசு மானியம் தருகிறது. மானியத்தோடு இல்லத்தில் சேர மருத்துவமனை, பலதுறை மருந்தகம் அல்லது குடும்ப மருத்துவர் வழியாக ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு விண்ணப்பம் போக வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பராமரிப்பு மானியம் உண்டு. 2020இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியில் இருப்பவருக்கு, குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை செல்வது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாமல் போனால் மாதந்தோறும் பணம் கிடைக்கும்.

மதிப்பிட வருபவரிடம் கூச்சப்பட்டுக்கொண்டு “எல்லாம் அவரே செய்துகொள்வார்” என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எல்பிஏ என்கிறார்களே, அது என்ன?

நீடித்த அதிகாரப் பத்திரம் (பிற்காலத்தில் தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் சட்டப் பத்திரம்). அம்மாவுக்கு இன்னும் தெளிவாகப் புரியும்போதே செய்துவிட வேண்டும். தாமதித்தால், அவருடைய வங்கிக் கணக்கைக் கையாளக்கூட நீங்கள் நீதிமன்றம் போக நேரும்.

என் அம்மா ஊரில் இருக்கிறார். நான் இங்கே விடுதியில்.

வேலை அனுமதியில் வந்தவர் பெற்றோரை இங்கே அழைத்துவர முடியாது. ஆனால் ஊரில் உதவி உண்டு. 14567 இந்தியா முழுவதற்குமான மூத்தோர் உதவி எண். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வருகிறது. இயன்முறைப் பயிற்சியும் அதில் அடக்கம். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ் மையம் இந்த நோய்க்கென்றே இயங்குகிறது.

தொலைபேசியில் பேசும்போது “நான் யாருன்னு தெரியுதா?” என்று பரீட்சை வைக்காதீர்கள். “அம்மா, நான் உங்க மூத்த மகன் பேசுறேன்” என்று தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள்.

எங்கே தொடங்குவது?

ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு 1800-650-6060. டிமென்ஷியா சிங்கப்பூர் உதவி எண் 6377 0700. தமிழில் பேச ஆள் வேண்டுமா, கேளுங்கள். அம்மா காணாமல் போனால் மட்டும் எந்த உதவி எண்ணுக்கும் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

அடுத்த ஓய்வு நாளில் அந்த ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். அம்மாவால் இன்னும் சொல்ல முடிகிறதென்றால், பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கேட்டே எழுதுங்கள்.