கிளம்பாத வண்டியின் மொழி

வைத்தியர் நோயாளியைக் கண்டதும் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. முதலில் நாடியைப் பார்க்கிறார். மோட்டார் வண்டி கிளம்ப மறுக்கும்போதோ நம்மிற் பலர் சாவியை மீண்டும் மீண்டும் திருகி, "பற்றறி போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிப் புதிய பற்றறிக்குப் பணம் கொடுத்துவிடுகின்றனர். பணம் போகும், நோய் போகாது. வண்டியோ தன் நோயை ஒலியாற் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முற்காலத்தில் எஞ்சினை இரும்புக் கைப்பிடியாற் சுழற்றியே கிளப்பினர். சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் கடிலாக் வண்டியில் இடம்பெற்றது. அன்றுதொட்டு மனிதக் கையின் வேலையை ஒரு சிறு மோட்டார் செய்கிறது. அது கிளம்பும் வேளையில் 100 அம்பியருக்கு மேலும் மின்னை இழுக்கும். விளக்குகளுக்கோ சில அம்பியரே போதும். ஆதலால் விளக்கு எரிவதைக் கொண்டு பற்றறி நலமென்று எண்ணலாகாது.

சாவியைத் திருப்பியதும் "டிக் டிக் டிக்" என்று விரைவாக ஒலிக்கின்றதா? ஸ்டார்ட்டருக்கு மின்னை விடும் காந்தச் சுவிச்சு மூடுகிறது. மின்னழுத்தம் உடனே வீழ்கிறது. சுவிச்சு திறந்து மறுபடியும் மூடுகிறது. பற்றறி தளர்ந்திருக்கலாம், அன்றி, அதன் முனைகளிற் பூத்த வெண்பச்சைப் படிவே மின்னைத் தடுக்கலாம். பின்னதாயின், கம்பிகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவித் துடைத்து இறுக்கினாற் போதும்.

ஒரே ஒரு "டக்" ஒலியோடு அடங்கினால், ஸ்டார்ட்டரே பழுதாகியிருக்கலாம், அல்லது அதன் பற்சக்கரம் சிக்கியிருக்கலாம். மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் இச்சிக்கல் உண்டு. சாவியை நிறுத்தி, கியரிலிட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாற் சக்கரம் விடுபடும். ஸ்டார்ட்டர் மட்டும் "விர்" எனச் சுழன்று எஞ்சின் அசையாவிடின், பற்சக்கரம் கோத்துக்கொள்ளவில்லை. "கரகர" என்று அரைத்தாற் பற்கள் தேய்ந்துள்ளன.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாவிடின், பற்றறியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிடுக. குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ உள்ளது. புளக்கைக் கழற்றிப் பார்க்க. அது பெற்றோலால் நனைந்திருந்தாற் பொறியைத் தேடுக. உலர்ந்திருந்தாற் பெற்றோல் வரும் வழியைத் தேடுக.

இவ்வறிவின் பெறுமதியை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புளக்கிற் கரி படியும். உதிரிப்பாகம் கிடைப்பதோ அரிது. ஆசுபத்திரிக்குப் புறப்பட வேண்டிய வண்டி முற்றத்தில் நின்றுவிட்டால், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வழியில்லை. பழுது இன்னதென்று அறிந்தேயாக வேண்டும். காதும் கையும் சேர்ந்தே அதனை அறிந்தன.

பணங்கொடுத்தாற் பாகம் கிடைக்கும் காலத்தில் அக்காது மந்தமாவது இயல்பே. எனினும், சாவியை ஒருமுறை திருப்பி அமைதியாகக் கேட்பதற்குச் செலவொன்றும் இல்லை. கராச்சுக்குச் செல்ல நேர்ந்தாலும், "கிளம்பவில்லை" என்று மட்டும் கூறாது, கேட்ட ஒலியைக் கேட்டவாறே சொல்லுங்கள். மெக்கானிக்கின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். உங்கள் செலவிலும் ஒரு பகுதி மிஞ்சும்.