17 வருட வேலை... 40 வருடங்களைத் தாண்டிய காத்திருப்பு!

பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ‘ட்ரெட்நாட்’. எதிரி நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்காகக் கட்டப்பட்டு, 1963-ல் கடற்படையில் சேர்ந்தது. 1971 மார்ச்சில் வடதுருவத்தின் பனிப்பரப்பில் மேலெழுந்தது. அப்படி அங்கே மேலே வந்த முதல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இதுதான். 1980-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஓய்வு என்றால் பெயருக்குத்தான். ஸ்காட்லாந்தின் ரோசித் கப்பல் தளத்தில் 40 வருடங்களுக்கும் மேலாக அது மிதந்தபடியே கிடக்கிறது.

சாதாரணக் கப்பல் என்றால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். இதற்குள் இருப்பதோ அணு உலை! எரிபொருளை எப்போதோ வெளியே எடுத்துவிட்டார்கள். ஆனால், உலை ஓடிய காலமெல்லாம் நியூட்ரான்கள் மோதியதில், அதைச் சுற்றியிருக்கும் எஃகே கதிர்வீச்சை வெளியிடும் பொருளாகிவிட்டது. அதை வெட்டி எடுத்தால் எங்கே வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அதுவரை துருப்பிடிக்காமல், தண்ணீர் புகாமல் பராமரிக்கும் செலவு மக்களின் வரிப்பணத்தில்தான்.

அமெரிக்காவில் வேறு கதை. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பியூஜெட் சவுண்ட் தளத்தில், உலை இருக்கும் பகுதியை மட்டும் தனியே அறுத்து, இரு முனைகளையும் எஃகால் மூடிவிடுகிறார்கள். அது பார்ஜில் ஏறி, கொலம்பியா ஆற்றின் வழியாக ஹான்ஃபோர்டுக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு பிரமாண்டப் பள்ளத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட உலைப் பகுதிகள் வரிசைகட்டி நிற்கின்றன.

ரோசித்திலும் 2016-ல் ஒருவழியாகப் பிரிக்கும் வேலை தொடங்கியது. முதலில் கைவைத்தது, 1992-ல் ஓய்வுபெற்ற ‘ஸ்விஃப்ட்ஷ்யூர்’ மீது. ட்ரெட்நாட்டைவிட 12 வருடம் ஜூனியர்!